ஹோமோபிராசினோலைடு 0.04%: மொட்டமாடில அஞ்சு மாசம் அடிச்சுப் பாத்துட்டு எழுதறேன்

இது செடிக்கு அடிக்கற ஒரு வளர்ச்சி ஹார்மோன் மருந்து. மொதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேர் போட மாட்டேன். இதே சரக்க வேற வேற கம்பெனிக்காரங்க வேற வேற பேர் வச்சு விக்கறாங்க, உள்ள இருக்கறது ஒன்னுதான், லேபிள்ல பொடி எழுத்துல ஹோமோபிராசினோலைடு 0.04%னு போட்டிருக்கும், அத மட்டும் பாத்து வாங்குங்க. நான் வாங்கினது 100 மில்லி பாட்டில். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். அந்த ஒன்றரைய எங்க கொறச்சேன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நாங்க இருக்கறது பெங்களூர் அல்சூர். மொட்டமாடில ஒரு முப்பது குரோ பேக் வச்சிருக்கேன், தக்காளி, கத்திரி, மிளகா, வெண்ட, ஒரு டிரம்ல முருங்க. தக்காளி பூரா அர்க்கா ரக்ஷக், நம்ம ஹெசரகட்டால இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஐஐஹெச்ஆரோட ரகம், நல்லா தாங்கும். ஆனா வருஷா வருஷம் ஒரே பிரச்சன, பிப்ரவரி கடசில கொத்து கொத்தா பூ விடும், மார்ச் ஏப்ரல்ல வெயில் ஏறிச்சுன்னா எல்லாம் காம்போட உதிர்ந்து தரைல கெடக்கும். பெங்களூர்னா குளுகுளுன்னு ஊர்ல இருந்து போன் பண்ணி சொல்றவங்க எல்லாம் ஏப்ரல்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க மாடில செருப்பு இல்லாம வந்து நில்லுங்க பாப்போம்.

இதுக்குதான் கே.ஆர். மார்க்கெட் பக்கம் ஒரு விதை மருந்துக் கடைக்குப் போய் பூ உதிருதுன்னு சொன்னேன். கடைக்காரர் யோசிக்கவே இல்ல, பின்னாடி ஷெல்ஃப்ல இருந்து இத எடுத்து வச்சார். "டானிக் மேடம், ஒள்ளே ரிசல்ட் பருத்தே"ன்னார், அதாவது நல்ல ரிசல்ட் வரும்னு கன்னடத்துல. எவ்ளோ கலக்கணும்னு கேட்டா "ஒரு லிட்டருக்கு ஒரு மூடி"ன்னு கைய காட்டறார். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு லேபிள் படிச்சா லிட்டருக்கு அரை மில்லின்னு இருக்கு. மூடில ஆரம்பக் கோடே 5 மில்லி! அதாவது அந்த மனுஷன் சொன்ன மாதிரி ஊத்தியிருந்தா பத்து மடங்கு. அரை மார்க் அங்கயே போச்சு. அரை மில்லி அளக்கற மருந்துக்கு 5 மில்லி மூடிய எந்த மகராசன் டிசைன் பண்ணானோ தெரியல. நான் மெடிக்கல்ல 2 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசிய கழட்டிப் போட்டுட்டு அதுல அளந்துக்கறேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

இப்ப அந்த "டானிக்" விஷயத்துக்கு வரேன், எனக்கு உண்மையான கோவமே அதுலதான். நான் ஒரு காலத்துல எம்.எஸ்சி பாட்டனி, இப்ப ஒரு ஆபீஸ்ல பேரோல் பாத்துட்டு இருக்கேன், அது வேற கத. எங்க புக்ல செடிக்கு அஞ்சே அஞ்சு ஹார்மோன்தான், ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், அப்சிசிக் ஆசிட், எத்திலீன், முடிஞ்சது. பரீட்சைக்கு அத ஒப்பிச்சுட்டு வந்தவதான் நானும். இந்த பாட்டில் வாங்கின அப்புறம்தான் பொண்ணோட லேப்டாப்ப பிடுங்கி ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். ஆறாவதா ஒன்னு இருக்கு, அது ஸ்டீராய்டு. ஆமா, மனுஷ ஒடம்புல ஈஸ்ட்ரோஜன் டெஸ்டோஸ்டிரோன்னு சொல்றோமே அதே குடும்பத்து எலும்புக்கூடு, அதே நாலு வளையம். செடிங்க இத தானாவே செய்யுது. பேரு பிராசினோஸ்டீராய்டு. கடுகோட சொந்தக்காரச் செடி ரேப், அதோட மகரந்தத்துல மொதல்ல கெடச்சதால அந்த இனத்தோட பேர் பிராசிகாவ வச்சு இதுக்கும் பேர் வந்துச்சு.

கண்டுபிடிச்ச கத எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 1970ல அமெரிக்க விவசாயத் துறை ஆளுங்க ரேப் மகரந்தத்துல இருந்து ஒரு சாறு எடுத்து பீன்ஸ் செடில தடவினா தண்டு சும்மா நீண்டுக்கிட்டு போகுது, உள்ள என்ன இருக்குன்னு தெரியல. தனியா பிரிச்சு எடுக்க 1979 ஆயிடுச்சு. தேனீ சேத்து வச்ச மகரந்தம் 227 கிலோ, கிலோங்க கிராம் இல்ல, அத கரைச்சு வடிச்சு கடசில கைல வந்தது 4 மில்லிகிராம். அதுக்குப் பேர்தான் பிராசினோலைடு. இப்ப என் பாட்டில் கணக்கு பாருங்க. 0.04%ன்னா 1 மில்லில 0.4 மில்லிகிராம். அப்ப என் பாட்டில்ல 10 மில்லி எடுத்தா அதுலயே 4 மில்லிகிராம் வந்துடும். இதுல இருக்கற ஹோமோபிராசினோலைடு அதுக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி மாதிரி, அச்சு அசல் அதே இல்ல, ஆனா வேலை அதேதான். சோயா எண்ணெய் மாதிரி எண்ணெய்ல கெடைக்கற ஸ்டிக்மாஸ்டெரால்னு ஒரு சாதாரண தாவரச் சத்துல ஆரம்பிச்சு லேப்ல செஞ்சுட முடியும், அதனாலதான் நம்ம கைக்கு எட்டற விலைல வருது. இல்லன்னா ஒரு பாட்டிலுக்கு எத்தன டன் மகரந்தம் வேணும்னு நெனச்சுப் பாருங்க.

சரி, இது செடிக்குள்ள போய் என்ன பண்ணுது? இங்கதான் டானிக்குங்கற வார்த்த தப்பா போகுது. டானிக்னா சத்துன்னு அர்த்தம், குடிச்சா தெம்பு வரும். இதுல சத்தே கெடையாது, ஒரு லிட்டர் தண்ணில 0.2 மில்லிகிராம் இருக்கறது என்ன சத்து குடுக்கும்? இது வெறும் தகவல். "வளரு"ன்னு ஒரு தகவல். நம்ம ஒடம்புல ஸ்டீராய்டு ஹார்மோன் பெரும்பாலும் செல்லுக்குள்ளயே நொழஞ்சு, உள்ள இருக்கற ஒரு புரதத்தப் பிடிச்சுக்கிட்டு நேரா ஜீன் மேல போய் உக்காரும். செடி அப்படி விடாது, வெளி வாசல்லயே நிறுத்திப் பேசி அனுப்பும். செல்லோட வெளிச் சவ்வுல பிஆர்ஐ1னு ஒரு புரதம் நிக்குது, ஸ்டீராய்டு வந்து அதுல ஒட்டும், அவ்ளோதான் அதோட வேலை. 1997ல சால்க் இன்ஸ்டிட்யூட்ல ஜியான்மிங் லீயும் ஜோன் சோரியும் அராபிடாப்சிஸ்ங்கற குட்டிச் செடில இந்த ஜீனக் கண்டுபிடிச்சாங்க. இந்த ஜீன் கெட்டுப் போன செடி எப்படி இருக்கும்னா கரும்பச்சையா, இலை எல்லாம் சுருண்டு, தரையோட ஒட்டிக் குள்ளமா கெடக்கும், எவ்ளோ ஸ்டீராய்டு ஊத்தினாலும் அசையாது. காது கேக்காத ஆள்கிட்ட கத்தற கததான்.

வாசல்ல பெல் அடிச்ச அப்புறம் உள்ள நடக்கறத எங்க அண்ணி இருக்கற ஒயிட்ஃபீல்ட் அபார்ட்மென்ட்ட வச்சுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன், உவமை கொஞ்சம் நொண்டும், பரவால்ல. மேல வீட்டுக்குப் போக வேண்டிய பிளம்பர்தான் பிஇசட்ஆர்1ங்கற புரதம், அவர் போக வேண்டிய வீடு நியூக்ளியஸ், ஜீன் எல்லாம் அங்கதான் இருக்கு. கேட்ல பின்2னு ஒரு செக்யூரிட்டி. சும்மா இருக்கற நேரத்துல இந்த செக்யூரிட்டி பிளம்பர் சட்டைல பாஸ்பேட்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமா உக்கார வச்சுடுவான், ஸ்டிக்கர் ஒட்டின ஆள 14-3-3னு வேற ஒரு கூட்டம் கையப் பிடிச்சு வெளிலயே நிறுத்திக்கும், கொஞ்ச நேரத்துல ஆளயே காலி பண்ணிடுவாங்க. ஸ்டீராய்டு வந்து பிஆர்ஐ1 பெல்ல அடிச்சதும் பக்கத்துல இருக்கற பாக்1 சேந்துக்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு உசுப்பிவிட, சேதி கை மாறி கை மாறி பிஎஸ்யு1 வரைக்கும் போய் அது செக்யூரிட்டிய சீட்ட விட்டு எழுப்பிடும். இன்னொருத்தர் வந்து பிளம்பர் சட்டைல இருக்கற ஸ்டிக்கர பிச்சுப் போடுவார், அவர் பேர் பிபி2ஏ. அப்புறம் பிளம்பர் நேரா நியூக்ளியஸ்.

அங்க போன பிஇசட்ஆர்1 டிஎன்ஏல தனக்குன்னு இருக்கற எழுத்து வரிசையத் தேடிப் பிடிச்சு உக்காரும், சில ஜீன ஆன் பண்ணும், சில ஜீன ஆஃப் பண்ணும், ஒன்னு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. ஆன் ஆகறதுல முக்கியமானது செல் சுவர நெகிழ்த்தற நொதிங்களோட ஜீன். செடி செல்ல சுத்தி கெட்டியான சுவர் இருக்குல்ல, அது நெகிழ்ந்தாதான் உள்ள தண்ணி ஏறி செல் பெருசாகும். சப்பாத்தி மாவு நல்லா ஊறி இருந்தாதான் இழுக்க வரும், காஞ்ச மாவ இழுத்தா கிழியும், அந்த மாதிரி. ஆஃப் ஆகறதுல எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா தெரிஞ்சது என்னன்னா, ஸ்டீராய்ட தயாரிக்கற ஜீனே ஆஃப் ஆகுது! "வெளில இருந்து நெறைய வருதுப்பா, நாம செய்ய வேண்டாம்"னு செடி தன் சொந்த அடுப்ப அணைச்சுடும். அதனாலதான் பத்து மடங்கு ஊத்தினா பத்து மடங்கு வளராது. ஒரு மூடி ஊத்தச் சொன்ன அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

இனி என் மாடி ரிசல்ட். தக்காளி எட்டு பை எடுத்தேன், ஒரே நாள் நட்டது, ஒரே மண் கலவை. நாலு பைக்கு மருந்தும் அது இலைல ஒட்டறதுக்கு ஒரு ஒட்டும் திரவமும் கலந்த தண்ணி, நாலு பைக்கு அதே ஒட்டும் திரவம் மட்டும் போட்ட வெறும் தண்ணி. பூ மொட்டு வந்தப்ப ஒரு தடவ, பதினஞ்சு நாள் கழிச்சு ஒரு தடவ, சாயந்தரம் வெயில் தாழ்ந்த அப்புறம்தான் அடிச்சேன். வெளில இருந்து குடுக்கற இந்த ஸ்டீராய்டு செடிக்கு சூட்டத் தாங்க கொஞ்சம் தெம்பு குடுக்கும்னு நெறைய ஆராய்ச்சி இருக்கு, அத நம்பித்தான் இறங்கினேன். பூ உதிர்றது நிக்கல, ஆனா கொறஞ்சுது. மருந்து அடிச்ச செடில சராசரியா நாலஞ்சு காய் கூட நின்னுச்சு, காயும் கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. எட்டு பைய வச்சு பெருசா பேச முடியாது, எனக்கே தெரியும். ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா கண்ணுக்கு வித்தியாசம் தெரிஞ்சுது, வீட்டுக்காரரக் கூப்பிட்டு எது மருந்து அடிச்சதுன்னு கேட்டேன், சரியா சொன்னார். அவர் கத்திரிக்கும் சுண்டைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. மிளகாலயும் ஓரளவு பலன் இருந்துச்சு, வெண்டைல ஒன்னும் பெருசா தெரியல.

சொதப்பினது மூணு. அடிச்சது போக மிச்சம் இருந்த தண்ணிய வேஸ்ட் பண்ண மனசு வராம ரெண்டு கத்திரி பைல வேர்ல ஊத்திட்டேன், தினமும் ஊத்தினேன், ஒரு வாரம். செடி அப்படியே நின்னு போச்சு. புடுங்கிப் பாத்தா வேர் கட்டையா, நீளமே இல்ல. அப்புறம் படிச்சாதான் தெரியுது, இது அளவு கொஞ்சம் கூடினாலே வேர் நீள்றத தடுக்கும், தண்டுக்குப் பாலா இருக்கற அளவு வேருக்கு விஷம் மாதிரி. மிச்சம் ஆகாத அளவு கலந்துக்கோங்க, மண்ணுல ஊத்தாதீங்க.

ரெண்டாவது, தண்ணி டேங்க் பின்னாடி நிழல்ல இருந்த தக்காளிக்கும் "பாவம் மெலிஞ்சிருக்கு"ன்னு அடிச்சேன். இன்னும் நெடுநெடுன்னு ஒல்லியா வளந்து சாஞ்சுடுச்சு. யோசிச்சா நியாயம்தான். நிழல்ல இருக்கற செடி வெளிச்சம் தேடி எப்படியும் நீள்றதுக்கு துடிச்சிட்டு இருக்கும், அதுக்கு பிஐஎஃப்4னு ஒரு புரதம் வேலை செய்யும், நம்ம பிளம்பரும் அதுவும் கூட்டு சேந்து அதே ஜீனுங்களத் தட்டி விடற ஆளுங்க. அதுக்கு மேல நான் வேற தகவல் அனுப்பினா? அது கேட்டது வெயிலு, நான் குடுத்தது கட்டள.

மூணாவதுதான் மனசு கஷ்டமா போச்சு. மைக்ரோ டாம்னு ஒரு குட்டித் தக்காளி இருக்குல்ல, ஒரு சாண் உயரத்துல சின்ன தொட்டில காய்க்கும், ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில 1989ல வெளியிட்ட ரகம், எங்க ஆபீஸ் பொண்ணு விதை குடுத்தா. பால்கனில பொம்ம மாதிரி இருந்துச்சு. அதுக்கும் அடிச்சேன். தண்டு நீண்டு, இலை விரிஞ்சு, அந்த அழகான குண்டு உருவமே போச்சு. ஏன்னு தேடினா எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அந்தச் செடி குள்ளமா இருக்கறதுக்கு ஒரு முக்கியக் காரணமே இந்த ஸ்டீராய்ட செய்யற ஜீன் அதுல பழுதா இருக்கறதுதான்! பழுத நான் பாட்டில்ல இருந்து சரி பண்ணிட்டேன். மருந்து ஒரிஜினல்தான்னு இதவிட நல்ல டெஸ்ட் கெடைக்காது, ஆனா பொம்ம போச்சே.

இன்னொன்னு, இந்த ஹார்மோன் செடிக்குள்ள ரொம்ப தூரம் பயணம் பண்ணாது, எந்த இடத்துல செஞ்சுதோ அந்த இடத்துக்குப் பக்கத்துலயே வேலைய முடிச்சுக்கும். அதனால அடி இலைல சொட்டச் சொட்ட அடிச்சு புண்ணியம் இல்ல. கொழுந்து, மொட்டு, பூங்கொத்து, அங்க பனி மாதிரி படணும். குடுகுடுன்னு கொட்டற பூவாளி வேண்டாம், கைல பம்ப் பண்ற சின்ன ஸ்ப்ரேயர் போதும்.

"ஸ்டீராய்டா? அந்தக் காய சாப்பிடறீங்களா?"ன்னு கீழ் வீட்டு அக்கா கேட்டாங்க, அவங்க மட்டும் இல்ல, கேக்காத ஆளே இல்ல. ஜிம்ல பசங்க போட்டுக்கற ஊசி ஞாபகம் எல்லாருக்கும். அக்கா, நீங்க நேத்து தாளிச்ச கடுகும் இத செஞ்ச செடிதான், சாப்பிட்ட சோறும் செஞ்ச செடிதான். இலை தண்டுல கிராமுக்கு ஒரு நானோகிராம் கூட இருக்காது, மகரந்தத்துலயும் பிஞ்சு விதைலயும் கொஞ்சம் கூட. அதுக்காக பயமே வேண்டாம், எடுத்துக் குடிங்கன்னு சொல்ல வரல. 1968 பூச்சிமருந்து சட்டத்துக்குள்ள வர்ற சரக்கு, லேபிள்ல முக்கோணம் போட்டிருக்கும், கைக்கு உறை, மூக்குக்கு துணி, குழந்தைங்க எட்டாத எடம், எல்லாம் வேணும். கலக்கறதுக்கு உள்ள இருக்கற எண்ணெய் மாதிரி திரவமே தோல்ல பட்டா எரியுது, எனக்கு எரிஞ்சுது.

இதுல ஒரு வேடிக்க. இந்த ஸ்டீராய்ட செடி செய்யறப்ப நடுவுல டெட்2னு ஒரு நொதி வரும். அது நம்ம ஒடம்புல டெஸ்டோஸ்டிரோன மாத்தற 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியோட உறவு. முடி கொட்டறதுக்கு ஆம்பளைங்க ஃபினாஸ்டரைடு மாத்திர போடறாங்களே, அது அடக்கறது இந்த மனுஷ நொதியத்தான். டெட்2 கெட்டுப் போன குள்ளச் செடிக்குள்ள மனுஷ ஜீன வச்சுப் பாத்திருக்காங்க, 1997ல, செடி நிமிந்து வளந்துடுச்சு! வீட்டுக்காரர்கிட்ட இத சொன்னேன், அவர் தலைய தடவிக்கிட்டே "அப்ப இந்த பாட்டில தலைல தேச்சா?"ன்னு கேட்டார். பாட்டில எடுத்து பீரோ மேல வச்சுட்டேன்.

வாங்கறவங்களுக்கு, லேபிள்ல மருந்து பேர், சதவீதம், ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், பேட்ச், தயாரிச்ச தேதி, காலாவதி தேதி இதெல்லாம் இல்லன்னா தொடாதீங்க. இதுக்கு முன்னாடி ஒரு ஆப்ல "ஆர்கானிக் மேஜிக் பூஸ்டர்"னு ஒன்னு ஆர்டர் பண்ணேன், உள்ள என்னன்னே எழுதல, மூடி சரியா மூடாம பாதி பாட்டில் டப்பாக்குள்ளயே ஒழுகி வந்துச்சு, திருப்பி அனுப்பினா "லிக்விட் ஐட்டம் ரிட்டர்ன் இல்ல"ன்னுட்டாங்க. மார்க்கெட் கடைக்காரர் அளவுல சொதப்பினாலும் சீல் உடையாத பாட்டிலும் பில்லும் குடுத்தார், அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு.

மார்க் கணக்கு கேட்டா, மூடிக்கு அரை கொறச்சேன்னு சொன்னேன்ல, மீதி ஒன்னு லேபிளுக்கு. நிழல்ல அடிக்காத, வேர்ல ஊத்தாத, குள்ள ரகத்துக்கு வேண்டாம்னு ஒரு வரி போட்டிருந்தா என் கத்திரியும் பொம்மத் தக்காளியும் தப்பிச்சிருக்கும். நெல்லு, பருத்தி, திராட்சைன்னு ஏக்கர் கணக்குல அளவு எழுதியிருக்காங்க, முப்பது பை வச்சிருக்கற எனக்கு ஏக்கர வச்சு என்ன பண்ண? சத்து விஷயத்துல வழக்கம் போல மண்புழு உரம், கடலப் புண்ணாக்கு கரைசல் எல்லாம் போட்டுட்டேதான் இருந்தேன், அது இல்லாத ஒரு பைல இத மட்டும் அடிச்சுப் பாத்தேன், பத்து நாள் பளபளன்னு இருந்துட்டு அப்புறம் மஞ்சளடிச்சிடுச்சு.

இன்னும் முக்காவாசி பாட்டில் இருக்கு, காலாவதி அடுத்த வருஷம். கீழ் வீட்டு அக்கா இப்ப மனசு மாறி அவங்க தக்காளிக்கு குட்டி பாட்டில்ல கொஞ்சம் ஊத்திக் குடுன்னு பழைய இருமல் மருந்து பாட்டில கழுவி எடுத்துட்டு வந்து நிக்கறாங்க. லேபிள் இல்லாத பாட்டில்ல, அதுவும் இருமல் மருந்து பாட்டில்ல, தரவே மாட்டேன்னுட்டேன். மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு போயிட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயந்தரம் நானே பம்பும் சிரிஞ்சுமா எறங்கி வந்து அடிச்சுத் தரேன்க்கான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.